ஏற்கெனவே முடங்கியவருக்கு மீண்டும் பக்கவாதம்: ரத்தக்கட்டியை அகற்றும் சிகிச்சைக்கு வீட்டார் ஆயத்தமாவது எப்படி?

என் அம்மாவுக்கு இரண்டாம் முறை பக்கவாதம் வந்த அன்று, சென்னையில் ஒரு மருத்துவமனையின் அவசரப் பிரிவில், "இதற்கு முன் எப்படி இருந்தார்?" என்று மருத்துவர் கேட்டார். "படுத்த படுக்கைதான்" என்று பதற்றத்தில் தம்பி சொல்லிவிட்டான். அம்மாவோ முதல் நாள் மாலைகூட வாக்கரைப் பிடித்துக்கொண்டு, யார் கையும் படாமல் பூஜை அறைவரை நடந்து விளக்கேற்றியவர்.

ரத்தக்கட்டியை எடுக்கும் சிகிச்சை தருவதா என்று முடிவெடுக்கையில் அந்தச் சொல்லின் கனம் பெரியது. முன்னிருந்த நிலையை மருத்துவர்கள், எண் கூடக்கூட ஊனம் கூடுதல் என்று காட்டும் ரேங்கின் அளவுகோலில் 0 முதல் 5 வரை மதிப்பிடுகிறார்கள். 6 என்றால் இறப்பு. உதவி தேவைப்பட்டாலும் கோலோ வாக்கரோ கொண்டு தாமே நடப்பவர் 3, பிறர் துணையின்றி நடக்க இயலாதவர் 4, படுக்கையிலேயே இருப்பவர் 5.

மூளையின் பெரிய ரத்தக்குழாயை அடைத்த ரத்தக்கட்டியை, தொடையிடுக்கு அல்லது மணிக்கட்டு வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி எடுக்கும் சிகிச்சையை நிலைநாட்டிய 2015ஆம் ஆண்டு ஆய்வுகள், பெரும்பாலும் முன்பு தம் வேலைகளைத் தாமே செய்துவந்தவர்களையே சேர்த்துக்கொண்டன. ஆகவே, ஊனம் உள்ளவர்களுக்கு இது பயன்படாது என்று அவை காட்டவில்லை. அவர்களிடம் போதிய அளவு சோதிக்கவில்லை, அவ்வளவே. பின்னர் வந்த மருத்துவமனைப் பதிவுகளில் இத்தகையோருக்கு இறப்பு அபாயம் கூடுதலாகவே தெரிகிறது. ஆயினும் கணிசமானோர் தம் பழைய நிலைக்குத் திரும்பியிருக்கிறார்கள். வாக்கரோடு நடந்தவர் மறுபடி வாக்கரோடு நடப்பதை வெற்றியாகக் கொள்ள வேண்டும் என்பதே என் உறுதியான எண்ணம்.

எனவே இன்றே ஒரு தாளில் எழுதி வையுங்கள். "சுமாராக இருந்தார்" போன்ற பொதுச் சொற்கள் வேண்டாம். தாமே சாப்பிடுவாரா, கழிப்பறைக்குத் துணை வேண்டுமா, வீட்டாரை அடையாளம் தெரியுமா, எந்தக் கை முன்பே வலுவிழந்தது என்று எழுதுங்கள். ரத்தம் உறையாமலிருக்க உண்ணும் மாத்திரையின் பெயரும் கட்டாயம் வேண்டும். அவர் நடப்பதைக் கைபேசியில் அரை நிமிடம் படம்பிடித்து வைப்பது இன்னும் நல்லது. இத்தகைய சிகிச்சையே வேண்டாம் என்பது அவர் விருப்பமானால், அதையும் அவரிடமே கேட்டு எழுதுங்கள்.

பழைய வாதம் உள்ளவரிடம் புதிய அறிகுறி எளிதில் தப்பிவிடும். முன்பே கோணிய வாயைப் பார்த்துப் பயனில்லை. நேற்றுவரை டம்ளரைப் பிடித்த நல்ல கை இன்று நழுவவிட்டதா, பேச்சு திடீரெனக் குழறுகிறதா என்று பாருங்கள்.

சந்தேகம் வந்தவுடன் 108ஐ அழையுங்கள். தண்ணீர், காபி, மாத்திரை எதையும் வாயில் ஊற்றாதீர்கள்; புரையேறிவிடும். காலை 5 மணிக்கு எழுப்பும்போது அறிகுறியைக் கண்டீர்கள் என்றால், அது தொடங்கியது 5 மணி என்று சொல்லக் கூடாது. இரவு 10 மணிக்குப் பேசிவிட்டுப் படுத்தார் எனில் அதுவே கடைசியாக நன்றாக இருந்த நேரம். அதிலிருந்து, கட்டியைக் கரைக்கும் ஊசிக்குப் பொதுவாக நாலரை மணி நேரமும், கட்டியை எடுப்பதற்கு 6 மணி நேரமும் வரம்பு. 2018இல் வெளிவந்த ஆய்வுகளுக்குப் பிறகு, ஸ்கேனில் காப்பாற்றக்கூடிய மூளைப்பகுதி தெரிந்தால் 24 மணி நேரம்வரைகூட எடுக்கிறார்கள்.

சென்னை நெரிசலில் ஒரு மருத்துவமனைக்குப் போய், அங்கிருந்து இன்னொன்றுக்கு மாறுவது பெரிய இழப்பு. இரவிலும் இச்சிகிச்சை செய்யும் மருத்துவமனை உங்கள் வீட்டுக்கு அருகில் எது என்று இப்போதே விசாரித்து, காப்பீட்டு அட்டையையும் பழைய டிஸ்சார்ஜ் சம்மரியையும் அந்தத் தாளோடு ஒரே பையில் வையுங்கள்.

மருத்துவரிடம் கேட்க வேண்டியது இதுதான்: "நேற்றிருந்த நிலைக்குத் திரும்ப வாய்ப்பு உண்டா? எடுத்தால் என்ன ஆபத்து, எடுக்காவிட்டால் என்ன ஆகும்?" பெரிய குழாயில் அடைப்பு இல்லை அல்லது ரத்தக்கசிவு உள்ளது என்று அவர் மறுத்தால் அது மருத்துவக் காரணம். "ஏற்கெனவே முடியாதவர்தானே" என்பது மட்டுமே காரணமானால், தாளைக் காட்டி நரம்பியல் நிபுணரிடம் மறுபடி கேளுங்கள்.