சஸ்டைனபிலிட்டி எம்.பி.ஏ.: மாணவர்களும் ஆசிரியர்களும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சஸ்டைனபிலிட்டி மேனேஜ்மென்ட், அதாவது சுற்றுச்சூழலையும் மக்களையும் கெடுக்காமல் தொழில் நடத்துகிற நிலைத்தன்மை மேலாண்மை என்று தனியாக எம்.பி.ஏ. படிப்பது இந்தியாவில் இப்போது புதிதல்ல. லக்னோ ஐ.ஐ.எம்., டெல்லி டெரி ஸ்கூல் ஆஃப் அட்வான்ஸ்டு ஸ்டடீஸ் போன்ற இடங்களில் இதற்கென்றே படிப்புகள் உண்டு. பங்குச் சந்தையில் முதல் 1000 இடங்களில் உள்ள நிறுவனங்கள் தங்கள் சுற்றுச்சூழல், சமூகப் பொறுப்பு பற்றிய பி.ஆர்.எஸ்.ஆர். அறிக்கை தர வேண்டும் என்று 2022-23 முதல் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி கட்டாயமாக்கியதும் வேலைக்கும் ஆள் தேட ஆரம்பித்தார்கள். இந்தப் படிப்பின் ப்ராஜெக்டுகளைத் திருத்தி, வைவாவில் கேள்வி கேட்கிற வேலை எனக்கு. ஒரே மாதிரித் தவறுகள் வருஷா வருஷம் வருகின்றன. பெரும்பாலானவற்றுக்குக் காரணம் ஒன்றுதான்: ஆலைக்குள் கால் வைக்காமலே ஆலையைப் பற்றி எழுதுவது.

தலைப்பிலேயே இது தொடங்கிவிடுகிறது. 'பசுமைப் பொருட்கள் குறித்த நுகர்வோர் மனப்பான்மை' என்று ஒரு தலைப்பு, ஒரு கூகுள் ஃபார்ம், வாட்ஸ்அப் குரூப்பில் நண்பர்களுக்கு அனுப்பினால் முடிந்தது. சுற்றுச்சூழலுக்காகக் கூடுதல் விலை தருவீர்களா என்று கேட்டால் யார்தான் மாட்டேன் என்பார்கள்? கடையில் அவர்கள் எதை எடுத்தார்கள் என்று பாருங்கள். அது முடியாவிட்டால் வேறு தலைப்பு எடுங்கள்.

அடுத்தது, நிறுவனத்தின் அறிக்கையையே ஆதாரமாக எடுத்துக்கொள்வது. 2015 செப்டம்பரில் நிறுவனங்களின் நிலைத்தன்மையை மதிப்பிடும் டோ ஜோன்ஸ் குறியீடு வாகனத் துறையின் முன்னோடியாக அறிவித்தது ஃபோக்ஸ்வேகனைத்தான். அதே மாதத்தில் டீசல் கார்களின் புகைச் சோதனையை அது மென்பொருள் வைத்து ஏமாற்றியது அம்பலமானது. அறிக்கையில் ஓர் எண் இருந்தால், அது எந்த மீட்டரிலிருந்து, எந்தப் பில்லிலிருந்து வந்தது என்று கேட்டுவிட்டுத்தான் உங்கள் அட்டவணையில் ஏற்ற வேண்டும்.

இனி, அதிகம் சறுக்குகிற இடம். திருப்பூரை எடுத்துக்கொள்வோம். சாயக்கழிவு நொய்யல் ஆற்றில் கலந்தது, பாசனத்துக்குக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை கழிவு நீர்த் தேக்கமாக மாறியது, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூடச் சொன்னது, பிறகு ஒரு சொட்டும் வெளியே விடாத சுத்திகரிப்பு முறைக்கு ஆலைகள் மாறின. இது பலருக்கும் தெரிந்த கதை. மாணவர்கள் இந்த இடத்தில் 'பிரச்சினை தீர்ந்தது' என்று முற்றுப்புள்ளி வைத்துவிடுகிறார்கள்.

ஒரு சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போய் நின்று பாருங்கள். சாயநீர் உயிரியல் தொட்டியைத் தாண்டி ஆர்.ஓ.வுக்குப் போகிறது. நல்ல நீர் திரும்பவும் சாயப்பட்டறைக்கே வருகிறது. மிஞ்சும் உப்புக் கரைசலை எவாப்பரேட்டரில் வற்றக் காய்ச்சுகிறார்கள். அதற்கு நீராவி வேண்டும், நீராவிக்கு பாய்லர், பாய்லருக்கு விறகு. கடைசியில், திரும்பப் பயன்படுத்த முடியாத கலப்பு உப்பு மூட்டை மூட்டையாகக் கொட்டகையில் கிடக்கிறது. ஆற்றைக் காப்பாற்றக் கொடுக்கிற விலை மின்சாரமாகவும் விறகாகவும் அந்த மூட்டைகளாகவும் கண்ணெதிரே இருக்கிறது. அந்த விலையைக் கொடுத்தே ஆக வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அதைக் கணக்கில் காட்டாத அறிக்கைக்கு என்னால் மதிப்பெண் போட முடியாது.

கணக்கு என்றதும் இன்னொன்று. மாதம் 50,000 யூனிட் மின்சாரம் வாங்கும் ஆலை என்றால், யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ என்ற தேசிய மின்கட்டமைப்பின் அளவை வைத்து 35 டன் கார்பன் டை ஆக்சைடு என்று போடுவார்கள். சரிதான். ஆனால் திருப்பூரில் பலருக்குச் சொந்தக் காற்றாலை உண்டு. ஈ.பி. பில்லில் காற்றாலை யூனிட்டைக் கழித்த மீதியை மட்டும் எடுத்தால் மொத்தப் பயன்பாடே தெரியாமல் போகும். பசுமைக்குடில் வாயுக்களைக் கணக்கிடும் உலக நெறிமுறையான ஜி.எச்.ஜி. புரோட்டோகால், மின்கட்டமைப்பின் சராசரிப்படி ஒரு கணக்கு, வாங்கிய மின்சாரத்தின் ஒப்பந்தப்படி ஒரு கணக்கு என இரண்டையும் காட்டச் சொல்கிறது. விறகிலும் குழப்பம் உண்டு. சிலர் பூஜ்யம் என்பார்கள், சிலர் ஸ்கோப் 1-ல், அதாவது ஆலை நேரடியாக வெளியிடும் வாயுக்களின் கணக்கில் சேர்ப்பார்கள். விறகு எரிவதில் வரும் கார்பன் டை ஆக்சைடை ஸ்கோப்புகளுக்கு வெளியே தனியாகக் காட்ட வேண்டும். மீத்தேனும் நைட்ரஸ் ஆக்சைடும்தான் ஸ்கோப் 1-ல் வரும். இதெல்லாம் பாய்லர்காரரிடம் பத்து நிமிடம் பேசி, விறகு லோடு ரசீதைப் பார்த்தால் தானாகப் புரியும்.

தொழிலாளர்களை விட்டுவிடுவது எனக்கு மிகவும் வருத்தம் தருகிற தவறு. தண்ணீர், கார்பன் என்று பக்கம் பக்கமாக எழுதுவார்கள், சம்பளம் பற்றி ஒரு வரி இருக்காது. எச்.ஆர். அறையில் மட்டும் பேசிவிட்டு வந்தால் அப்படித்தான் ஆகும். 2013-ல் வங்கதேசத்தில் இடிந்து 1,100-க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட ராணா பிளாசா என்ற கட்டடத்தில், தணிக்கை நடந்த ஆடை ஆலைகளும் இருந்தன. ஷிஃப்ட் முடிந்து வருகிறவர்களிடம், சூப்பர்வைசர் பக்கத்தில் இல்லாதபோது பேசுங்கள். பெயரை எழுத வேண்டாம்.

குரூப் ப்ராஜெக்டில் இன்ஜினியரிங் படித்தவர் எக்செல் போடுவார், பி.காம். படித்தவர் பி.பி.டி. போடுவார். வேலை சீக்கிரம் முடியும், ஆனால் இரண்டு பேருமே புதிதாக எதையும் கற்றிருக்க மாட்டார்கள். மாற்றிச் செய்யுங்கள்.

ஆசிரியர்களான நம் பங்கும் குறைவில்லை. எண்பது பக்கம் வேண்டும் என்று நாம் கேட்பதால்தான் முப்பது பக்கத்துக்கு வரையறைகள் வருகின்றன. பக்க எண்ணிக்கையை விட்டுவிட்டு, மூல ரசீதுகளின் நகல் கேட்கலாம். கணக்கு முடிக்கிற மார்ச் மாதத்தில் பிள்ளைகளை ஆலைக்கு அனுப்பினால் அவர்களைக் கவனிக்க யாருக்கும் நேரமிருக்காது. நிலைத்தன்மையை ஒரு பேப்பராக ஒதுக்கிவிட்டு, ஃபைனான்ஸ் வகுப்பில் சுத்திகரிப்புச் செலவை வெறும் நஷ்டமாகவே நடத்துவதும் சரியில்லை. அந்த இரண்டு ஆசிரியர்களும் ஒரே ஆலையின் கணக்கை எடுத்து ஒரே வகுப்பில் நடத்தலாம்.

அப்புறம், ப்ராஜெக்ட் முடிந்ததும் ஆலைக்குத் திரும்பிப் போகிறவர்கள் மிகக் குறைவு. தகவல் கொடுத்த முதலாளிக்கும் பாய்லர்காரருக்கும் என்ன கண்டுபிடித்தோம் என்று இரண்டு பக்கம் தமிழில் எழுதிக் கொடுங்கள். எண்களில் பிழை இருந்தால் அவர்கள் அங்கேயே சொல்லிவிடுவார்கள். ஆகையால் வைவாவுக்கு ஒரு வாரம் முன்பே போய்விடுவது நல்லது.