க ப ம த: விரலுக்கு விம் பழக்குவது எப்படி

ராத்திரி பதினொன்றரைக்கு போன் வரும். "அக்கா, ஃபைல் திறந்துட்டேன், வெளிய வர முடியல." அம்பத்தூர் எஸ்டேட்டில் எங்கள் சின்ன அலுவலகத்தில் நைட் ஷிப்ட் தம்பி. நான் வில்லிவாக்கத்தில், பாத்திரம் கழுவிய ஈரக்கையோடு. "எஸ்கேப் தட்டு. இன்னொரு தடவை தட்டு. இப்போ கோலன், க்யூ, ஆச்சரியக்குறி, என்டர்." அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. அவ்வளவுதான் வைத்தியம்.

விம் என்பது சர்வரில் கோப்புகளைக் கீபோர்டாலேயே திருத்த உதவும் எடிட்டர், பாத்திரம் கழுவும் விம் அல்ல. இப்படிப் போனில் சொல்லிச் சொல்லியே அதன் கட்டளைகள் எனக்கு வாய்ப்பாடு மாதிரி ஆகிவிட்டன. அதே பாணியில்தான் இங்கேயும் எழுதுகிறேன், எழுத்துகளைப் பெயர் சொல்லி. போனில் ஒரு தொல்லை உண்டு: பி என்றால் எந்த பி? அதனால் நாங்கள் பாம்பே பி, பேப்பர் பி, டெல்லி டி என்று வைத்துக்கொண்டிருக்கிறோம். நீங்களும் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

இணையத்தில் விம் கட்டளை அட்டவணை கிடைக்கும். அதைப் பிரிண்ட் எடுத்து மானிட்டர் ஓரத்தில் ஒட்டுவார்கள். அதைப் பார்த்து விம் கற்றுக்கொண்ட யாரையும் நான் பார்த்ததில்லை. நான் பத்தாவது முடித்த லீவில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் போனவள். முதல் வாரம் முழுக்க ஏ எஸ் டி எஃப் ஜி எஃப், செமிகோலன் எல் கே ஜே ஹெச் ஜே. வேறு எதுவும் கிடையாது. குனிந்து கீயைப் பார்த்தால் மாஸ்டர் என் கைமேல் துண்டைப் போட்டு மூடிவிடுவார். எந்த எழுத்து எங்கே என்று இன்றைக்கும் என்னை வாயால் கேட்டால் யோசிப்பேன். விரலைக் கேட்டால் யோசிக்காது. விம்மும் அதே ஜாதிதான். தலைக்குள் ஏற்ற வேண்டாம், விரலில் ஏற்றுங்கள்.

முதல் வாரம் ஐந்தே கட்டளை. உள்ளே போக ஐ. வெளியே வர எஸ்கேப். சேமித்து மூட கோலன், டபிள்யூ, க்யூ, என்டர். சேமிக்காமல் ஓட கோலன், க்யூ, ஆச்சரியக்குறி, என்டர். செய்ததைத் திரும்பப் பெற யூ. ஒரு வெற்றுக் கோப்பைத் திறந்து நாலு வரி அடித்து, சேமித்து மூடி, மறுபடி திறந்து, இன்னும் நாலு வரி அடித்து, இந்தத் தடவை சேமிக்காமல் வெளியே வாருங்கள். காலையில் காபி ஆறுவதற்குள் பத்து தடவை செய்யலாம்.

இதில் புதுசாக வருபவரைக் குழப்புவது ஒன்றே ஒன்று. விம் திறந்ததும் நீங்கள் தட்டும் எழுத்து திரையில் விழாது, கட்டளையாகத்தான் போகும். ஐ தட்டிய பிறகுதான் அது டைப்ரைட்டர். எஸ்கேப் தட்டினால் மறுபடி கட்டளை நிலை. எந்த நிலையில் இருக்கிறோம் என்று சந்தேகம் வந்தால் எஸ்கேப்பை இரண்டு தடவை தட்டுங்கள், ஒன்றும் கெட்டுப்போகாது. வேலை பார்க்கிற நேரத்தில் பெரும்பகுதி கட்டளை நிலையில்தான் இருக்க வேண்டும். எழுத மட்டும் உள்ளே போய், எழுதி முடித்ததும் எஸ்கேப் தட்டி வெளியே வந்துவிட வேண்டும். புதியவர்கள் நேர்மாறாக, நாள் முழுக்க உள்ளேயே உட்கார்ந்துகொண்டு அம்புக்குறியால் ஊர்ந்துகொண்டிருப்பார்கள்.

அம்புக்குறி என்றதும் சொல்லிவிடுகிறேன். புதிதாக நிறுவிய உபுண்டு (லினக்ஸில் ஒரு வகை) சர்வரில் முழு விம் இல்லாமல் அதன் சுருங்கிய வடிவம் மட்டும் இருக்கலாம். அதில் எழுதும் நிலையில் அம்புக்குறியைத் தட்டினால் கர்சர் நகராது, ஏ, பி, சி, டி என்று எழுத்து கொட்டும். "கீபோர்டுக்குப் பேய் பிடிச்சிருச்சுக்கா" என்று எங்கள் தம்பி ஒருமுறை சொன்னது இதைத்தான். அதனால் நகர்வதற்கு ஹெச், ஜே, கே, எல் பழகிக்கொள்ளுங்கள்: இடம், கீழே, மேலே, வலம்.

ஏன் இந்த நாலு எழுத்து? விம்முக்கு மூதாதையான வி எடிட்டரை 1976-இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பில் ஜாய் எழுதியபோது அவரிடம் இருந்த டெர்மினல், அதாவது திரையும் கீபோர்டும் சேர்ந்த பெட்டி, ஏடிஎம்-3ஏ (ADM-3A). அதில் தனியாக அம்புக்குறி கீ கிடையாது; ஹெச், ஜே, கே, எல் கீகளின் மேலேயே அம்புகள் அச்சாகியிருந்தன. எஸ்கேப்பும் இன்று டேப் இருக்கும் இடத்தில், சுண்டுவிரலுக்குப் பக்கத்தில் இருந்தது. அதனால்தான் அவர் அதை இவ்வளவு தாராளமாகப் பயன்படுத்தினார். நாம் இன்று மூலைக்குக் கை நீட்டுகிறோம்.

தமிழ்99 விசைப்பலகை தெரிந்தவர்களுக்கு ஒரு சௌகரியம். 1999-இல் தமிழ்நாடு அரசு ஏற்றுக்கொண்ட அந்த அமைப்பில் இந்த நாலு கீயும் க, ப, ம, த. வலது கை சும்மா இருக்கும்போதே ப, ம, த மேல்தான் இருக்கும், க அதற்குப் பக்கத்திலேயே. நான் மனசுக்குள் "கபமத, கபமத" என்று சொல்லித்தான் பழகினேன். க இடம், ப கீழே, ம மேலே, த வலம்.

இரண்டாவது வாரம் பெரிய தாவல்கள். டபிள்யூ தட்டினால் அடுத்த சொல்லுக்குத் தாவும், பாம்பே பி தட்டினால் முந்தைய சொல்லுக்கு. பூஜ்யம் வரித் தொடக்கம், டாலர் வரிக்கடைசி. சின்ன ஜி இரண்டு தடவை கோப்பின் தலைக்கு, ஷிப்டோடு பெரிய ஜி காலுக்கு. 40 அடித்துப் பெரிய ஜி தட்டினால் நாற்பதாவது வரி. பிழைச்செய்தி வரி எண்ணோடுதான் வரும் என்பதால் இது தினமும் உதவும்.

மூன்றாவது வாரத்துக்கு ஒரு பயிற்சிக் கோப்பு தருகிறேன். கடற்கரை முதல் தாம்பரம் வரை எலக்ட்ரிக் டிரெயின் ஸ்டேஷன் பெயர்களை வரிக்கு ஒன்றாக, ஆங்கில எழுத்தில் அடியுங்கள். ஏன் ஆங்கிலத்தில் என்று அப்புறம் சொல்கிறேன். வேண்டுமென்றே கலைத்து அடியுங்கள். எழும்பூருக்கு அடுத்து நுங்கம்பாக்கம், அதற்கடுத்து சேத்துப்பட்டு என்று தப்பாக இருக்கட்டும். இப்போது கர்சரை நுங்கம்பாக்கத்தில் வைத்து டெல்லி டி இரண்டு தடவை. வரி காணாமல் போய், சேத்துப்பட்டு மேலே ஏறி கர்சருக்கு வரும். காணாமல் போனது அழியவில்லை, விம்மின் மடியில் இருக்கிறது. பேப்பர் பி ஒரு தடவை. நுங்கம்பாக்கம் சேத்துப்பட்டுக்குக் கீழே வந்து உட்காரும். டி டி பி, மூன்றே தட்டு, இரண்டு வரி இடம் மாறிவிட்டது. இந்த ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு முழுப் பாதையையும் சரிப்படுத்துங்கள். முதல் நாள் எனக்குக் கால்மணி நேரம் பிடித்தது. நாலாம் நாள் மாம்பலம், சைதாப்பேட்டை, கிண்டி எல்லாம் தானாக வரிசையில் நின்றன.

இங்கேதான் விம்மின் இலக்கணம் பிடிபடும். டி என்றால் அழி, சி என்றால் மாற்று, ஒய் என்றால் நகல் எடு. இவை வினைகள். வினைக்குப் பின்னால் எதை என்று சொல்ல வேண்டும். டி டபிள்யூ, அழி சொல்லை. டி டாலர், அழி வரிக்கடைசி வரை. டி இரண்டு டபிள்யூ, அழி இரண்டு சொல்லை. வினையையே இரண்டு தடவை தட்டினால் முழு வரி. தமிழில் வினை கடைசியில் வரும், இதில் முதலில். டிபன் கடையில் "போடு ரெண்டு தோசை" என்று உள்ளே குரல் கொடுப்பார்களே, அந்த மாதிரி. இது புரிந்த நாளில் அட்டவணையைக் கிழித்துப் போடலாம், ஏனென்றால் வினை மூன்று, நகரும் வழி பத்து, பெருக்கிக்கொள்ள வேண்டியதுதான். கூடவே சி ஐ மேற்கோள்குறி என்று ஒன்று: இரட்டை மேற்கோளுக்குள் இருப்பதை மட்டும் துடைத்துவிட்டு எழுதும் நிலைக்குக் கொண்டுபோகும். கான்ஃபிக் கோப்பில், அதாவது ஒரு மென்பொருளின் அமைப்புகளை எழுதி வைக்கும் கோப்பில், கை வைப்பவர்களுக்கு இது வரப்பிரசாதம்.

அதைவிடப் பெரிய வரம் புள்ளி. கடைசியாகச் செய்த மாற்றத்தைத் திரும்பச் செய்யும். ஒரு கோப்பில் 8080 என்ற போர்ட் எண் ஐந்து இடத்தில் இருக்கிறது, 9090 ஆக்க வேண்டும், ஆனால் எல்லாவற்றையும் அல்ல. சாய்கோடு, 8080, என்டர்: முதல் இடத்துக்குப் போகும். சி டபிள்யூ, 9090, எஸ்கேப். இனி என் (n) என்ற எழுத்தைத் தட்டினால் அடுத்த 8080. மாற்ற வேண்டுமா, புள்ளி. வேண்டாமா, மறுபடி என். ஒவ்வொரு இடத்தையும் கண்ணால் பார்த்து, வேண்டியதை மட்டும் ஒற்றை விரலால் மாற்றிக்கொண்டே போகலாம். மொத்தமாக மாற்றும் கட்டளையும் இருக்கிறது, ஆனால் சர்வரில் நான் இப்படிப் பார்த்துப் பார்த்துத்தான் செய்வேன்.

காரணம் இருக்கிறது. ஒருமுறை ஒரு வெப் சர்வர் கான்ஃபிக்கைத் திறந்து, கீழே போக ஜே ஜே ஜே என்று தட்டிக்கொண்டே போனேன். கர்சர் இறங்கவில்லை, கீழ் வரிகள் ஒவ்வொன்றாக மேலே வந்து ஒட்டிக்கொண்டன. கேப்ஸ் லாக் போட்டிருந்தது. பெரிய ஜே என்றால் வரிகளை ஒட்டு என்று அர்த்தம். ஹேஷ் போட்ட, சர்வர் கண்டுகொள்ளாத குறிப்பு வரி ஒன்றோடு கீழிருந்த நாலு நிஜ வரிகளும் ஒட்டிக்கொண்டதால் அவையும் வெறும் குறிப்பாகிவிட்டன. பதற்றத்தில் சேமித்து மூடப் போனேன். நல்லவேளை, பெரிய எழுத்தில் டபிள்யூ க்யூ என்று ஒரு கட்டளை விம்முக்குத் தெரியாது, சண்டைபோட்டது. கேப்ஸ் லாக்கை அணைத்துவிட்டு கோலன், இ, ஆச்சரியக்குறி, என்டர் தட்டினேன். டிஸ்க்கில் இருந்த பழைய கோப்பு அப்படியே திரும்ப வந்தது. அன்று மாலையே கேப்ஸ் லாக் கீயை எஸ்கேப்பாக மாற்றி அமைத்துக்கொண்டேன். லினக்ஸில் கீபோர்டு அமைப்பில் அதற்கு வழி இருக்கிறது. சுண்டுவிரலுக்கும் வேலை குறைந்தது.

திரை உறைந்துவிட்டதா? பெரும்பாலும் பழக்கதோஷத்தில் கன்ட்ரோல் எஸ் தட்டியிருப்பீர்கள். டெர்மினலுக்கு, அதாவது கட்டளை தட்டும் ஜன்னலுக்கு, அது "திரையில் காட்டுவதை நிறுத்து" என்ற உத்தரவு. கன்ட்ரோல் க்யூ தட்டினால் உயிர் வரும். விம் திடீரென்று மறைந்து கட்டளை வரி வந்துவிட்டதா? கன்ட்ரோல் இசட் தட்டியிருப்பீர்கள். எஃப் ஜி, என்டர். விட்ட இடத்துக்கே வரும். இது தெரியாமல் ஜன்னலை மூடிவிட்டால் அடுத்த தடவை ஸ்வாப் கோப்பு (சேமிக்காததை விம் தற்காலிகமாக எழுதி வைப்பது) இருப்பதாக ஒரு நீளமான எச்சரிக்கை வரும். பயப்படாமல் ஆர் தட்டி மீட்டெடுங்கள், சரியாக இருக்கிறதா என்று பார்த்துச் சேமியுங்கள், அப்புறம் அந்த ஸ்வாப் கோப்பை அழித்துவிடுங்கள்.

இப்போது தமிழுக்கு வருகிறேன். தமிழ் உள்ளீடு போட்டிருக்கும்போது எஸ்கேப் தட்டிக் கட்டளை நிலைக்கு வந்தாலும் கீபோர்டு தமிழிலேயே நிற்கும். டி டி என்று தட்டினால் விம்முக்குப் போவது உ உ. அது ஒன்றும் செய்யாமல் விழிக்கும். எஸ்கேப் தட்டுவதற்கு முன் ஆங்கிலத்துக்கு மாற்றும் பழக்கமும் விரலில் ஏற வேண்டும், அது தனிப் பாடம். தவிர, பல டெர்மினல்களில் தமிழ் எழுத்தின் கொம்பும் காலும் பிரிந்து நிற்கும், கர்சர் எங்கே இருக்கிறது என்றே தெரியாது. அதனால்தான் ஸ்டேஷன் பெயர்களை ஆங்கிலத்தில் அடிக்கச் சொன்னேன். நான் தமிழில் கடிதம் எழுத விம்மைத் திறப்பதில்லை.

நானோ என்று ஒரு எடிட்டர் இருக்கிறது, கட்டளைகளை அடியிலேயே காட்டும். வருஷத்துக்கு இரண்டு தடவை சர்வரைத் தொடுபவர்களுக்கு அது போதும், வெட்கப்பட ஒன்றுமில்லை. தினமும் தொடுபவர்கள் டெர்மினலில் விம்டியூட்டர் (vimtutor) என்று சேர்த்து அடித்து என்டர் தட்டுங்கள். விம்மோடு வரும் பாடக் கோப்பு அது, அரைமணி நேர வேலை. நான் எங்கள் தம்பியை ஷிப்ட் தொடக்கத்தில் தினமும் ஒரு தடவை என்று இரண்டு வாரம் அதைச் செய்ய வைத்தேன். மூன்றாம் நாள் கீபோர்டைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான். என்னிடம் துண்டு இல்லை, துப்பட்டாவைத்தான் போட்டு மூடினேன்.