துவக்குக் குழலில் ஒட்டிய ஈயம்

பன்றிக் காவலுக்கு லைசென்ஸ் துவக்கு வைத்திருக்கும் வன்னிக் கமக்காரருக்கு, குழலைத் துப்புரவாக்கும் முறை இது. துவக்கை மடித்து, தோட்டா இல்லையென்று கண்ணாலும் விரலாலும் பாருங்கள். தோட்டாப் பெட்டி வேறு அறையில் இருக்கட்டும்.

வேலையை முற்றத்தில் செய்யுங்கள், பீடி வேண்டாம். குழலைக் கழற்றி வெளிச்சத்துக்குப் பிடித்தால் உள்ளே சாம்பல் நிறக் கோடுகள் தெரியும்: ஈயமும் தோட்டாவின் பிளாஸ்டிக்கும். வெறும் துணிக்கு அது அசையாது. துவக்குத் துப்புரவு எண்ணெய் விட்டுச் சற்று ஊறவைத்து, வெண்கலப் பிரஷைத் தோட்டா போடும் பக்கத்தால் நுழைத்து மறுபக்கம் முழுதாக வெளியே தள்ளுங்கள். இரும்புக் கம்பி வேண்டவே வேண்டாம், குழல் கீறிவிடும். துணி வெள்ளையாக வரும்வரை துடைத்து, மெல்லிசாய் எண்ணெய் பூசுங்கள். மாரியில் துரு சட்டென்று பிடிக்கும்.

கையுறை நல்லது. ஈயம் வாயால்தான் அதிகம் உள்ளே போகும். சவர்க்காரம் போட்டுக் கை கழுவாமல் வெற்றிலையைத் தொடாதீர்கள். அடுத்த முறை சுடுமுன் மிச்ச எண்ணெயைத் துடைத்து, துணித்துண்டு எதுவும் குழலில் சிக்கவில்லையென்று பாருங்கள். அடைத்த குழல் வெடிக்கும்.