வேலையை விடுபவருக்கு இரண்டு நாளில் கணக்கு முடிக்க மேலாளர்களைத் தயார்படுத்தியது

2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தபோது, எங்களை அதிகம் யோசிக்க வைத்தது ஒரே ஒரு விதிதான். வேலையை விட்டுப் போகிறவரின் ஊதிய பாக்கியை இரண்டு வேலை நாட்களுக்குள் கொடுத்துவிட வேண்டும். ராஜினாமாவுக்கும் இது பொருந்தும். எங்களிடம் அடுத்த மாதச் சம்பளத்தோடு கொடுப்பதுதான் வழக்கமாக இருந்தது.

சட்டப் பிரிவுகளை ஸ்லைடில் காட்டினால் மேலாளர்கள் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். அதனால் ஒரு மாதிரி ராஜினாமா கடிதத்தை மேசையில் வைத்து, "இது உங்கள் கைக்கு வந்துவிட்டது, அடுத்து என்ன செய்வீர்கள்?" என்று கேட்டேன். தாமதம் சம்பளப் பிரிவில் இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. கடிதம் மேலாளரின் மின்னஞ்சலிலேயே தங்கிவிடுகிறது, விடுப்புக் கணக்கு ஒப்புதலுக்குக் காத்துக் கிடக்கிறது. சரி, லேப்டாப்பைத் திரும்பப் பெறுவது முதல் விடுப்பு சரிபார்ப்பு வரை எல்லாவற்றையும் நோட்டீஸ் காலத்துக்குள் கொண்டுவந்தோம்.

உடனே நீக்கப்படுபவருக்கு நோட்டீஸ் காலமே இருக்காது. அப்படிப்பட்ட முடிவை அறிவிக்கும் முன்பே மனிதவளப் பிரிவை அழைக்கச் சொன்னோம். அப்புறம், பணிக்கொடைக்கு, அதாவது கிராஜுவிட்டிக்கு, கெடு 30 நாள். இதையும் தனியாகச் சொல்லிவிடுங்கள், பலர் இரண்டையும் ஒன்றாக நினைக்கிறார்கள்.