மோட்டார் சைக்கிள் விபத்துக்குப் பின் வழக்கறிஞரைத் தேர்ந்தெடுத்தல்: தென்னாப்பிரிக்கத் தமிழர்களுக்கு ஒரு வழிகாட்டி

தென்னாப்பிரிக்காவில் மோட்டார் சைக்கிள் விபத்தில் காயமடைந்தவர் இழப்பீடு கேட்க வேண்டியது மோதிய ஓட்டுநரிடம் அன்று. ரோட் ஆக்சிடென்ட் ஃபண்ட் எனப்படும் அரசு நிதியத்திடம். பெட்ரோல், டீசல் விலையோடு சேர்த்து வசூலிக்கப்படும் தீர்வையில் நடக்கும் இந்த நிதியம், 1996ஆம் ஆண்டின் 56ஆம் எண் சட்டத்தின்படி இயங்குகிறது. 2008 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த திருத்தத்துக்குப் பின், உடற்காயத்துக்காக ஓட்டுநர்மீதே வழக்குத் தொடரும் உரிமை பெரும்பாலும் இல்லாமல் போய்விட்டது. அடுத்தவரின் கவனக்குறைவால் ஏற்பட்ட காயத்துக்கும், வருமான இழப்புக்கும், சம்பாதித்தவரை இழந்த குடும்பத்தின் ஆதரவுக்கும் நிதியம் பணம் தரும். நொறுங்கிய பைக்குக்கு ஒரு சென்ட்கூடத் தராது. பைக்கின் சேதத்தை உங்கள் காப்பீட்டு நிறுவனத்திடமோ மோதியவரிடமோதான் கேட்க வேண்டும். தொகை 20,000 ராண்டுக்கு மேற்படாவிட்டால், வழக்கறிஞர் இல்லாமலேயே சிறு கோரிக்கை நீதிமன்றத்துக்குப் போகலாம்.

ஆகவே வழக்கறிஞரைத் தேடுவது என்றால், இந்த நிதியத்தின் வழக்குகளை நாள்தோறும் நடத்துகிறவரைத் தேடுவது என்றே பொருள். குடும்பத்துக்கு வீட்டுப் பத்திரமும் உயிலும் எழுதிக் கொடுத்தவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், கோயில் கமிட்டியில் மாமாவுக்கு நெடுநாள் பழக்கமானவராக இருந்தாலும், இந்த வேலைக்குப் பொருத்தமானவர் என்று சொல்லிவிட முடியாது.

முதலில் கெடுவைத் தெரிந்துகொள்ளுங்கள். மோதிய வாகனத்தின் உரிமையாளரோ ஓட்டுநரோ யாரென்று தெரிந்தால், விபத்து நடந்த நாளிலிருந்து 3 ஆண்டுக்குள் கோரிக்கையைத் தாக்கல் செய்ய வேண்டும். இடித்துவிட்டு நிற்காமல் போன வாகனமென்றால் 2 ஆண்டுதான். கோரிக்கை உரிய காலத்தில் தாக்கலாகியிருந்தால், நீதிமன்ற அழைப்பாணையை விபத்து நாளிலிருந்து 5 ஆண்டுக்குள் நிதியத்திடம் சேர்ப்பிக்க வேண்டும். காயமடைந்தது சிறுவர் என்றால் 3 ஆண்டுக் கணக்கு அவர்களுக்கு எதிராக ஓடாது; ஆனால் அடையாளம் தெரியாத வாகனத்தின் 2 ஆண்டுக் கெடுவுக்கு அந்தச் சலுகை கிடையாது என்பதால், பிள்ளைக்குப் பதினெட்டு வயதாகட்டும் என்று காத்திருப்பது ஆபத்து. எல்லா வழக்கையும் 2 ஆண்டுக் கெடு உள்ள வழக்காகவே நினைத்து நடத்துவது நல்லது. காரணம் உண்டு: போலீஸ் அறிக்கையில் வாகன எண்ணின் ஓர் எழுத்து தவறிப்போனால், அடையாளம் தெரிந்ததாக நம்பியிருந்த வாகனம் தேடும்போது கிடைக்காமல் போகும்; அதற்குள் இரண்டாம் ஆண்டும் முடிந்திருக்கும்.

எனவே வழக்கறிஞரைப் பார்க்கப் போகும் முன்பே விபத்து அறிக்கையின் நகலை வாங்கி வரிவரியாகப் படியுங்கள். ஹிகின்சன் ஹைவேயில் நடந்த விபத்தானாலும் என்2 நெடுஞ்சாலையில் நடந்ததானாலும், காயமோ மரணமோ ஏற்பட்டிருந்தால் 24 மணி நேரத்துக்குள் போலீசில் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். மருத்துவமனையில் கிடப்பவர் தம்மால் இயன்றவுடன் தெரிவிக்கலாம். அறிக்கையில் வாகன எண், தேதி, இடம், வந்த திசை, சாட்சிகளின் பெயர் ஆகியவை சரியாக இருக்கின்றனவா என்று பாருங்கள். வரைபடத்தில் உங்கள் பைக் எந்தத் தடத்தில் காட்டப்பட்டிருக்கிறது என்பதைக் கட்டாயம் பாருங்கள். தவறு இருந்தால் உறுதிமொழிப் பத்திரம் ஒன்றைக் கொடுத்துத் திருத்தம் கேட்கலாம். அந்தப் பத்திரத்தை ஸ்டேஷனில் ஒருவர் ஆங்கிலத்தில் எழுதி நீட்டும்போது, வலியிலும் அவசரத்திலும் அப்படியே கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். வாசித்துக் காட்டச் சொல்லுங்கள், ஆங்கிலம் அவ்வளவாகப் பழகாத பெரியவர் என்றால் வீட்டுப் பிள்ளைகளில் ஒருவரைத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். பின்னாளில் குறுக்கு விசாரணையில் முதலில் எடுத்துக் காட்டப்படுவது அந்தத் தாள்தான். ஆர். கே. கான் மருத்துவமனையோ ஆடிங்டனோ, எங்கே சிகிச்சை பெற்றாலும் சேர்க்கைக் குறிப்பு, எக்ஸ்ரே, மருந்துச் சீட்டு எல்லாவற்றின் நகலையும் கேட்டு வாங்கிவையுங்கள். ஹெல்மெட்டைத் தூக்கி எறியாதீர்கள். ஹெல்மெட் அணியாமல் போனவரின் தலைக்காயத்துக்கு இழப்பீட்டைக் குறைக்கச் சொல்லி நிதியம் வாதாட முடியும். அணிந்திருந்ததற்கு அந்த ஓட்டை விழுந்த ஹெல்மெட்டே சான்று.

வார்டில் படுத்திருக்கும்போதே தேடி வருகிறவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. இழுவை வண்டிக்காரர், யாரோ ஒரு தரகர், ‘நர்சுக்குத் தெரிந்தவர்’ என்று பல வேடத்தில் வருவார்கள். வழக்கை நடத்த ஒரு வழக்கறிஞருக்கு அதிகாரம் தரும் பத்திரம் (அதிகாரப் பத்திரம்) ஏற்கெனவே அச்சடித்துக் கையில் இருக்கும். ஆள் பிடித்துக் கொடுப்பவருக்குத் தரகு கொடுத்து வழக்கைப் பெறுவது இந்நாட்டு வழக்கறிஞர்களுக்குத் தொழில் ஒழுங்கின்படி தடை செய்யப்பட்டது. அந்தத் தடையை முதல் நாளே மீறுகிறவர், உங்கள் பணம் தம் கணக்குக்கு வரும் நாளில் ஒழுங்காக நடப்பார் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. கெடு ஆண்டுக் கணக்கில் இருக்கிறது. கட்டுப் பிரிக்கும்வரை காத்திருந்தால் எதுவும் கெட்டுவிடாது.

ஒருவரின் பெயர் கிடைத்ததும் இரண்டைச் சரிபாருங்கள். வழக்கறிஞர் தொழிலை ஒழுங்குபடுத்தும் அமைப்பான லீகல் பிராக்டிஸ் கவுன்சிலில் அவர் பதிவு பெற்றிருக்கிறாரா என்பது ஒன்று. நடப்பு ஆண்டுக்கான ஃபிடெலிட்டி ஃபண்ட் சான்றிதழ் வைத்திருக்கிறாரா என்பது மற்றொன்று. அந்தச் சான்றிதழ் இல்லாமல் ஒருவர் மக்கள் பணத்தை நம்பிக்கைக் கணக்கில், அதாவது கட்சிக்காரர்களின் பணத்தைத் தனியாக வைக்கும் வங்கிக் கணக்கில், வாங்கக் கூடாது. பிறகு நேரில் போய்க் கேளுங்கள்: இத்தகைய வழக்குகளை விசாரணை வரை நடத்தியிருக்கிறாரா, கோப்பை அவரே பார்ப்பாரா உதவியாளர் பார்ப்பாரா, எலும்பு மருத்துவர், தொழில்வழிச் சிகிச்சையாளர், காப்பீட்டுக் கணிப்பாளர் ஆகியோரின் அறிக்கைகளுக்கு முன்பணம் யார் போடுவது, தோற்றால் எதிர்த்தரப்பின் செலவு யார் தலையில் விழும். கடைசிக் கேள்விக்கு ‘உங்களுக்கு ஒரு செலவும் இல்லை’ என்று சிரித்துக்கொண்டே சொல்கிறவரிடம் அதை எழுதித் தரச் சொல்லுங்கள்.

கட்டணத்தில்தான் மக்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். ‘வென்றால்தான் கட்டணம்’ என்னும் ஏற்பாட்டை 1997ஆம் ஆண்டின் கன்டின்ஜென்சி ஃபீஸ் சட்டம் அனுமதிக்கிறது. ஆனால் ‘இருபத்தைந்து சதவீதம் எங்களுக்கு’ என்று வாய்வார்த்தையாகச் சொல்வது அந்தச் சட்டம் சொல்வதன்று. வழக்கறிஞர் தம் வழக்கமான கட்டணத்தைக் கணக்கிட்டு, வென்றால் அதை இரட்டிப்பு வரை உயர்த்தலாம். ஆயினும் அது உங்களுக்குக் கிடைத்த இழப்பீட்டில் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. இரண்டில் எது குறைவோ அதுவே உச்சவரம்பு. வழக்கமான கட்டணம் 60,000 ராண்ட் என்று வையுங்கள், இரட்டிப்பு 120,000. இழப்பீடு 800,000 ராண்ட் என்றால் அதன் கால் பங்கு 200,000 ஆகும், ஆனால் அவர் எடுக்கக் கூடியது 120,000 மட்டுமே. இழப்பீடு 400,000 என்றால் கால் பங்கான 100,000தான் எல்லை. ஒப்பந்தம் எழுத்தில், விதிக்கப்பட்ட படிவத்தில் இருக்க வேண்டும். கையெழுத்திட்ட நகல் உங்களுக்குத் தரப்பட வேண்டும். கையெழுத்திட்ட 14 நாளுக்குள் மனம் மாறி விலகிக்கொள்ளும் உரிமையும் உண்டு. நிதியம் தனியாகச் செலுத்தும் வழக்குச் செலவுத் தொகை உங்கள் கணக்கில் எப்படிக் காட்டப்படும் என்பதையும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

வழக்கறிஞர் இல்லாமல் நிதியத்திடம் நேரடியாகவும் கோரலாம்; டர்பனில் அதன் வட்டார அலுவலகம் இருக்கிறது. மருத்துவச் செலவு மட்டும் கேட்கும் சிறு கோரிக்கைக்கு இது போதும் என்றே நினைக்கிறேன். வலிக்கும் வேதனைக்கும் இழப்பீடு கேட்பதென்றால் நிலைமை வேறு: அதற்குக் காயம் ‘கடுமையானது’ என்று மருத்துவர் நிதியத்தின் ஆர்.ஏ.எஃப் 4 என்னும் படிவத்தில் மதிப்பிட வேண்டும். உடல் முழுமைக்கும் 30 சதவீதக் குறைபாடு, அல்லது நீண்டகால ஊனம் போன்ற, சதவீதமாக அன்றி விவரித்துக் காட்டும் அடிப்படை, இரண்டில் ஒன்று நிறைவேற வேண்டும். ஒழுங்காகக் கூடிவிட்ட கை எலும்பு முறிவு பெரும்பாலும் இதில் தேறாது. வேலைக்கே திரும்ப முடியாத கால் காயமென்றால் தனியாகப் போகாதீர்கள்.

பின்னால் உட்கார்ந்து போனவருக்கு வழி எளிது. ஓட்டுநர்களில் யாராவது ஒருவரிடம் ஒரு சதவீதக் கவனக்குறைவு இருந்தாலே அவருக்கு முழு இழப்பீடு கிடைக்கும். பைக்கை ஓட்டியவர் தம் தவறின் விகிதத்துக்குத் தக்கபடி குறைத்தே பெறுவார். சாலைக் குழியில் விழுந்து, வேறு எந்த வாகனமும் காரணமில்லை என்றால், நிதியத்தை மறந்துவிடுங்கள். அந்தச் சாலையைப் பராமரிக்க வேண்டிய மாநகராட்சிக்கோ, மாகாணத்துக்கோ, தேசிய நெடுஞ்சாலை நிறுவனத்துக்கோ 6 மாதத்துக்குள் எழுத்து மூலம் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். குழியை அடைத்துவிடுவார்கள் என்பதால் அளவுகோல் ஒன்றைப் பக்கத்தில் வைத்து உடனே படமெடுக்கச் சொல்லுங்கள். உணவு, பார்சல் கொண்டு போகும் இளைஞர்கள் ஊழியராகப் பதிவாகியிருந்தால் வேலை விபத்து இழப்பீட்டையும் கோரலாம். அதில் கிடைப்பதை நிதியம் தன் தொகையிலிருந்து கழித்துக்கொள்ளும்.

வழக்கறிஞர் மாதக்கணக்கில் தொலைபேசியை எடுக்காவிட்டால், கோரிக்கை தாக்கலான தேதியையும் அதற்கான ஒப்புகை நகலையும் எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் லீகல் பிராக்டிஸ் கவுன்சிலில் புகார் செய்யலாம். நம்பிக்கைக் கணக்கிலிருந்து பணம் திருடு போனால் ஃபிடெலிட்டி ஃபண்ட் ஈடு செய்யும். கெடுவைத் தவறவிட்டதற்கு அது பொறுப்பேற்காது, அதற்கு அந்த வழக்கறிஞர்மீதே வழக்குத் தொடர வேண்டும். வேறொருவரிடம் மாறுவதானால், புதியவரின் மூலம் பழைய அதிகாரப் பத்திரத்தை எழுத்தில் ரத்து செய்யுங்கள். தமக்கு வர வேண்டிய கட்டணத்துக்காகப் பழையவர் கோப்பைப் பிடித்து வைக்கக்கூடும்; வழக்கு முடிந்ததும் அதைத் தீர்ப்பதாகப் புதியவர் உறுதி எழுதிக் கொடுத்தால் பெரும்பாலும் விட்டுவிடுவார்.