தாப்பாவிலிருந்து கோலா வோவுக்கு ஒரு நாள்

மலைப்பகுதியில் பெரும்பாலும் பிற்பகலில்தான் மழை பிடித்துக்கொள்ளும் என்பதால், மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் 59ஆம் எண் சாலையில் விடியற்காலையிலேயே புறப்பட்டுவிடுங்கள். வழியிலுள்ள செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டத்துச் செம்மண் பாதைகளிலும் சுற்ற விரும்பினால், காவலரிடம் அனுமதி கேட்டு, குலை ஏற்றிவரும் லோரிக்கு ஓரமாக நின்று வழிவிடுங்கள்.

இந்த வழியில், பத்தாங் பாடாங் ஆறு பாயும் கோலா வோ பொழுதுபோக்குக் காட்டில் குளிர்ந்த ஆற்றுநீரும் உண்டு, வெந்நீர் ஊற்றும் உண்டு. ஆனால், தலைக்குமேல் வெயில் அடித்தாலும் மேலே பெய்த மழை திடீர் வெள்ளமாக இறங்கக்கூடும். அதைத்தான் மலாய்ச் சொல்லால் ‘கெப்பாலா ஆயேர்’ என்கிறோம். தெளிந்த நீர் தேநீர் நிறத்துக்கு மாறி, சருகும் சுள்ளியும் மிதந்து வந்து, இரைச்சலும் கூடினால், செருப்பைக்கூடத் தேடாமல் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு உடனே மேட்டுக்கு ஏறிவிடுங்கள்.

நேரமிருந்தால், அதே சாலையோரத்தில் லாத்தா இஸ்கண்டார் அருவியையும் பார்த்துத் திரும்பலாம்.