பெங்களூரில் பழைய கார்: ஏலமா, டீலரா?

தவணை நின்றுபோய் வங்கிகள் கைப்பற்றிய கார்கள் ஏலத்தில் பெரும்பாலும் டீலர் விலையைவிடக் குறைவாகக் கிடைக்கும். ஆனால் வண்டியை ‘உள்ளது உள்ளபடி’தான் தருவார்கள். பொதுவாக ஓட்டிப் பார்க்க முடியாது. வாங்கிய பின் புகாரும் எடுபடாது. எனவே பார்வையிடும் நாளில் மெக்கானிக்கைக் கட்டாயம் அழைத்துச் செல்லுங்கள். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். உள்ளே சுருண்டிருந்த பகுதியில் சேற்றுக் கறை தெரிந்தால், வெள்ளத்தில் நின்ற வண்டியாக இருக்கலாம். 2022 செப்டம்பர் மழையில் பெல்லந்தூர்ப் பக்கம் எத்தனை கார்கள் மூழ்கின!

ஓசூர்ப் பதிவு, டி.என். 70 என்றால் நம் ஊர் வண்டி என்று மயங்க வேண்டாம். இங்கே பெயர் மாற்ற, கர்நாடக ஆயுட்கால வரி கட்ட வேண்டும். அதையும் நிலுவையிலுள்ள போக்குவரத்து அபராதத்தையும் கழித்துக்கொண்டே ஏலம் கேளுங்கள். கடன் பதிவை நீக்கும் படிவம் 35 பற்றி முன்பே விசாரியுங்கள்.

டீலரிடம் விலை கூடுதல்தான். ஆனால் ஓட்டிப் பார்க்கலாம், பேரம் பேசலாம். பழுதானால் போய்க் கேட்க ஒரு கடை இருக்கிறது. வீட்டுக்கு ஒரே கார், அதுவும் முதல் கார் என்றால், டீலரிடமே வாங்குங்கள் என்பேன்.